அடைமழை வாரங்களைக் கடப்பது எப்படி: கடலூர், புதுச்சேரிப் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர், புதுச்சேரி கடற்கரையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. புயல் கரையைக் கடக்கும் நாளுக்கு எப்படி ஆயத்தமாக வேண்டும் என்பதை நம் பகுதியினர் பட்டே கற்றிருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, அந்நகரில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் அதிகமாகக் கொட்டிய ஃபெஞ்சல் புயலும் அந்தப் பாடத்தைக் கடுமையாகவே கற்பித்தன. ஆனால் புயல் எதுவும் வராத ஆண்டிலும், ஒரு காற்றழுத்தத் தாழ்வு வலுவிழப்பதற்குள் வங்கக் கடலில் இன்னொன்று உருவாகி, பத்துப் பதினைந்து நாட்கள் வெயில் முகமே தெரியாமல் தூறலும் பெருமழையுமாக மாறி மாறிப் பெய்வது இங்கே நடக்கக்கூடியதே. அத்தகைய அடைமழையில் வீடு ஒரே நாளில் சேதமடைவதில்லை. சுவரில் ஓதம் ஏறுகிறது. துணியில் புழுங்கிய வாடை பிடிக்கிறது. பருப்பில் பூசணம் பூக்கிறது. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறது. முதியவர்களுக்கு இளைப்பு கூடுகிறது. மெதுவாக ஏறும் இந்த ஈரத்தை எப்படிக் கையாள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பல வீடுகளில் நடப்பது என்னவென்றால், வீடு முழுவதையும் உலர்வாக வைத்திருக்க முயன்று, கடைசியில் எந்த அறையும் உலர்வாக இல்லாமல் போய்விடுகிறது. வெளிக்காற்றிலேயே நீராவி நிரம்பியிருக்கும் நாட்களில் முழு வீட்டையும் உலர்த்துவது யாராலும் ஆகாத காரியம். ஆகவே ஓர் அறையை மட்டும் தேர்ந்தெடுத்து அதை விடாப்பிடியாக உலர்வாகக் காக்க வேண்டும். மற்ற இடங்களில் ஓரளவு ஈரம் இருப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அத்துடன், மழை வெறிக்கும் ஒவ்வோர் இடைவெளியையும், அது அரை மணி நேரமே ஆனாலும், முன்பே முடிவு செய்த வரிசையில் பயன்படுத்த வேண்டும். இவ்விரண்டையும் ஒரு குடும்பம் பழகிக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் எளிதாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

புரட்டாசியிலேயே முடிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. தமிழ்க் கணக்கில் அது ஐப்பசி பிறக்கும் நேரம். எனவே மொட்டை மாடி வேலையைப் புரட்டாசி முடிவதற்குள் முடித்தாக வேண்டும். மாடியில் தேங்கும் நீரே பெரும்பாலான கசிவுகளுக்குத் தொடக்கம். வேப்பஞ் சருகு, தென்னங் குரும்பை, காக்கைக் கூட்டின் குச்சிகள், பிளாஸ்டிக் பை ஆகியவை மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துக்கொண்டால், கைப்பிடிச் சுவருக்குள் மாடி குளமாகிவிடுகிறது. பிறகு தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை வழியாக நீர் உள்ளே இறங்குகிறது. இரண்டு மூன்று வாளி நீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, குழாயின் அடிவாயில் தடையின்றி வெளியேறுகிறதா என்று பார்ப்பது கால் மணி நேர வேலைதான். தட்டோடு பதித்த தளமானால் ஓடுகளின் இணைப்பில் விழுந்த விரிசல்களைச் சாந்து வைத்து அடைத்துவிட வேண்டும். குழாய் வாய்க்குக் கம்பி வலை பொருத்தியவர்கள், பருவம் முழுவதும் அந்த வலையை நாள்தோறும் துடைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. துடைக்காத வலை, வலையே இல்லாத வாயைவிட விரைவில் அடைபடும்.

ஓட்டு வீடுகளில் உடைந்த ஓடுகளை மாற்றுவதும், கூரை வீடுகளில் மெலிந்த இடங்களுக்குப் புதுக் கீற்று வைப்பதும் இதே மாதத்துக்கு உரியவை. கூரைமேல் தார்ப்பாய் விரிப்பவர்கள் அதைக் கற்களை வைத்து நிறுத்தாமல் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும். பலத்த காற்றில் பாய் கிளம்பினால் அந்தக் கற்கள் கீழே நிற்பவர் மீதுதான் விழும். விறகடுப்பு எரிக்கும் வீட்டார், பதினைந்து நாள் தேவைக்கான சவுக்கு விறகைத் தாழ்வாரத்துப் பரணிலோ, தரையிலிருந்து உயர்த்திய கட்டைகளின் மேலோ ஏற்றிவிட வேண்டும்.

பொன்னுருகக் காயும் என்று சொல்லப்படும் புரட்டாசி வெயிலை ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது. மெத்தை, தலையணை, பாய், மிளகாய், மல்லி, புளி, பருப்பு வகைகள் ஆகியவற்றை அப்போதே நன்றாகக் காயவைத்து, சூடு ஆறிய பிறகு இறுக்கமான மூடியுள்ள பாத்திரங்களில் அடைத்துவிட்டால், கார்த்திகை முடியும்வரை அவற்றைப் பற்றிய கவலை பெரும்பாலும் இராது. சூடாக இருக்கும்போதே மூடினால் உள்ளே வியர்த்து, காயவைத்த பயன் கெட்டுவிடும்.

ஓர் அறையை உலர்வாகக் காத்தல்

இந்தப் பருவத்தில் மழைச்சாரல் பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும் அடிக்கிறது. ஆகவே உலர்வாகக் காக்க வேண்டிய அறை, வடக்குச் சுவரோ கிழக்குச் சுவரோ வெளிப்புறத்தைப் பார்க்காததாகவும், சமையலறையையும் குளியலறையையும் ஒட்டாததாகவும் இருந்தால் நல்லது. இரண்டு தள வீட்டில், தெருவில் நீர் ஏறாத பகுதியானால் கீழ்தள அறையே சிறந்தது. அதற்கு மேலே இன்னொரு தளம் இருப்பதால் கூரைக் கசிவு அதை எட்டாது. தாழ்வான தெருக்களில் இருப்போர் மாடி அறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே அறை கொண்ட வீடானால், கட்டில் கிடக்கும் மூலையையாவது அப்படி ஒதுக்கிக்கொள்ளலாம்.

அந்த அறைக்குள் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்பதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். படுக்கை, மருந்துகள், பள்ளிப் புத்தகங்கள், குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் போன்ற ஆவணங்கள், மறுநாள் உடுத்த வேண்டிய துணி, மின்கல விளக்கு, பவர் பேங்க் ஆகியவை அங்கே இருக்கட்டும். ஈரத் துணி, நனைந்த குடை, செருப்பு, பூந்தொட்டி, ஆவி பறக்கும் பாத்திரம் ஆகிய எதுவும் வாசற்படியைத் தாண்டக் கூடாது. கையால் பிழிந்த ஒரு வாளித் துணியில்கூட லிட்டர் கணக்கில் நீர் தங்கியிருக்கும். அதை ஓர் அறையில் காயப்போட்டால் அந்த நீர் முழுவதும் அறையின் காற்றுக்கும், காற்றிலிருந்து சுவருக்கும் மெத்தைக்கும் போகிறது. கைக்குழந்தை, முதியவர், இளைப்பு நோயுள்ளவர் ஆகியோர் உறங்கும் இடம் இதுவாகவே இருக்க வேண்டும்.

ஈரம் உள்ளே வராமல் இருக்க எல்லாச் சன்னல்களையும் நாள் முழுவதும் அடைத்து வைப்பது தவறான வழி. மனிதர்களின் மூச்சும் வியர்வையும் அறைக்குள்ளேயே தங்கி, சுவரின் குளிர்ந்த பகுதியில் நீர்த்துளிகளாகப் படிகின்றன. பூசணம் முதலில் பிடிப்பது அங்கேதான். சாரல் அடிக்காத தெற்கு அல்லது மேற்குச் சன்னலைச் சிறிதளவு திறந்து வைத்து, மின்விசிறியை மெதுவான வேகத்தில் ஓடவிட வேண்டும். தாழ்வு மண்டலம் நமக்கு வடக்கே கரையைக் கடக்கும்போது காற்று திசை மாறி மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். அப்போது சன்னல்களையும் மாற்றிக்கொள்ள வேண்டும். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில், காற்றை உலர்த்தும் முறையில் அதை நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடவிடுவது, இரவு முழுவதும் குளிரவைப்பதைவிடப் பயனுள்ளது.

பீரோ, அலமாரி, கட்டில் ஆகியவற்றைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பின்புறம் காற்று போகும். அந்துருண்டை பூச்சியைத்தான் தடுக்கும், ஈரத்தை எடுக்காது. ஈரம் உறிஞ்சுவதற்கென்று கால்சியம் குளோரைடு நிரப்பிய சிறு டப்பாக்கள் கடைகளில் கிடைக்கின்றன. பட்டுப்புடவைகள் இருக்கும் தட்டில் அவற்றில் ஒன்றை நிமிர்த்தி வைத்து, தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும். அந்த நீர் துணியில் பட்டால் கறை விழும். புடவைகளை பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்க வேண்டும்.

பூசணம் தெரிந்தவுடன் உலர்ந்த துடைப்பத்தால் தட்டிவிடக் கூடாது. அதன் நுண்தூள் அறை முழுவதும் பறந்து மூச்சில் ஏறும். முகக்கவசம் அணிந்து, சோப்புத்தூள் கரைத்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிட்டு, பிறகு விசிறியால் அந்த இடத்தைக் காயவிட வேண்டும். கறை போகாத சுவரில் பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பூசுவோர், அதைக் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டுடன் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. அப்படிக் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும்.

மாலையில் சாம்பிராணி போடுவது நம் வீடுகளின் நல்ல வழக்கம். ஆனால் குளிருக்காகவோ துணியைக் காயவைக்கவோ கரி அனலைச் சன்னல் மூடிய அறையில் வைத்துவிட்டு உறங்குவது உயிருக்கே ஆபத்து. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. டீசல் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ ஓடவிடுவதும் அதே காரணத்தால் கூடாது.

மழை வெறிக்கும் நேரத்தை வீணாக்காதிருத்தல்

வானம் வெளிவாங்கியதும் முதல் வேலை துணி காயப்போடுவது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நான் வேறு வரிசையைப் பரிந்துரைக்கிறேன். முதலில் ஒருவர் மாடிக்குச் சென்று குழாய் வாய்களைத் துடைத்து, தேங்கிய நீரைத் தள்ளிவிட வேண்டும். அடுத்த மழை எப்போது தொடங்கும் என்று தெரியாது, கசிவு தொடங்கிவிட்டால் அதைப் பருவத்தின் நடுவில் நிறுத்த முடியாது. அதே நேரத்தில் இன்னொருவர் வீட்டின் எல்லாச் சன்னல்களையும் கதவுகளையும் திறந்து, எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். பத்து நிமிடத்தில் இவை முடிந்துவிடும். அதன் பிறகு துணியை வெளியே எடுக்கலாம். துணி காற்றாடும்போது, வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து தேங்காய்ச் சிரட்டை, டயர், உடைந்த வாளி, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் நின்ற நீரைக் கவிழ்த்துவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சுற்று நடந்தால் அதன் பெருக்கம் அறுபடும். கடைக்குப் போவது கடைசி. கடைக்குக் குடை பிடித்தும் போகலாம். மாடியைக் கொட்டும் மழையில் சுத்தம் செய்வது வழுக்கி விழுவதற்கே வழி.

துணியைப் பொறுத்தவரை, அடைமழையில் துவைப்பதைக் குறைப்பதே முதல் உபாயம். கனத்த போர்வை, ஜீன்ஸ், சன்னல் திரை ஆகியவற்றை வெயில் வரும்வரை தொடக் கூடாது. அன்றாடத் துணியை, பள்ளிச் சீருடையை முதலாவதாக வைத்து, சிறு சிறு தொகுதியாகத் துவைக்க வேண்டும். பிழிந்த சட்டையை உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, முறுக்கி எடுத்தால் எஞ்சிய நீரில் பெரும்பகுதி துண்டுக்கு வந்துவிடும். தாழ்வாரத்திலோ நடையிலோ கொடி கட்டி, ஒரு துணிக்கும் அடுத்த துணிக்கும் இடையே கையளவு இடைவெளி விட்டு, கீழிருந்து மேசை விசிறியைத் திருப்பி வைக்க வேண்டும். துணியைக் காயவைப்பது வெப்பத்தைவிட ஓடும் காற்றுதான். முக்கால் பங்கு உலர்ந்ததும் இஸ்திரி போட்டு முடித்துவிடலாம். உள்ளாடையும் குழந்தைத் துணியும் அரைகுறையாகக் காய்ந்த நிலையில் உடலில் ஏறக்கூடாது. படை, அரிப்பு பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகின்றன.

கொடி எதனால் ஆனது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரும்புக் கம்பியைக் கொடியாகக் கட்டி, அதன் ஒரு முனையை மின்கம்பத்திலோ, அதன் இழுவைக் கம்பியிலோ, வீட்டுக்கு வரும் மின்வயர் செல்லும் குழாயிலோ கட்டியிருந்தால், மழையில் நனைந்த துணியை எடுக்கப் போனவர் மின்சாரம் தாக்கி இறக்கக்கூடும். நைலான் கயிறு சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. இன்றே மாற்றிவிடுங்கள்.

மின்சாரமும் சுவர்களும்

ஈரம் ஏறிய சுவரில் உள்ள சுவிட்சைத் தொட்டால் கை சுரீரென்றால், அந்தச் சுற்றை நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழைக்க வேண்டும். ஈரக் கையுடன் இன்னொரு முறை சோதித்துப் பார்க்கக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைப் பிரதானப் பலகையில் பொருத்திக்கொள்வது, இந்தப் பருவத்துக்கென்று ஒரு குடும்பம் செய்யும் செலவுகளில் மிகப் பயனுள்ளது என்று நான் கருதுகிறேன். தெருநீர் வாசற்படியை எட்டுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை நிறுத்திவிட வேண்டும். அறுந்து கிடக்கும் வயரைக் கண்டால் விலகி நின்று மற்றவர்களையும் தடுத்து, தமிழகப் பகுதியினர் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கும், புதுச்சேரிப் பகுதியினர் மின்துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

மண்சுவர் வீடுகள் கொட்டும் மழையின் முதல் நாளில் விழுவதைவிட, பல நாள் ஊறிய பிறகு, பெரும்பாலும் உறங்கும் நேரத்தில் விழுவதுதான் உயிரிழப்பை உண்டாக்குகிறது. சுவர் அடியில் மண் கரைந்து குழிவது, புது விரிசல் விரலளவு அகலமாவது, சுவர் ஒரு பக்கம் புடைப்பது, கதவு திடீரென்று நிலையில் சிக்குவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தச் சுவரோரம் யாரும் படுக்கக் கூடாது. அன்றிரவே உறவினர் வீட்டுக்கோ நிவாரண முகாமுக்கோ போய்விட வேண்டும். செங்கல் கட்டடமும் இதற்கு விலக்கல்ல. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் நகர மண்டபமாகக் கட்டிய மேரி கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று தொடர்மழைக்கிடையே இடிந்து விழுந்தது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய பழைய வீடுகளில் வசிப்போர், அரச மரமும் ஆல மரமும் முளைத்திருக்கும் விரிசல்களைப் பருவத்துக்கு முன்பே பார்த்துச் சரிசெய்வது அவசியம்.

சமையலறையும் குடிநீரும்

பருவத்துக்கென்று பத்து நாள் அரிசி, பருப்பு, எண்ணெய், பால்பவுடர், ஒரு மாற்றுக் கேஸ் சிலிண்டர் ஆகியவை இருந்தால் போதும். அதற்கு மேல் சேர்ப்பது இந்த ஈரத்தில் வீணாகும். காய்களில் சேனை, கருணை, பரங்கி, பூசணி ஆகியவை நாள்பட நிற்கும். வெங்காயத்தைக் கூடையில் குவிக்காமல் வலைப்பையில் போட்டுத் தொங்கவிட வேண்டும். கடலுக்குப் படகுகள் போகாத நாட்களில் நம் பகுதி வீடுகளுக்குக் கருவாடுதான் கை கொடுக்கிறது; ஆனால் ஈரக்காற்றில் அது இளகி மணம் மாறும், ஆகையால் சிறு பொட்டலங்களாகக் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, கழுவிய பின் வெறும் சட்டியில் வாட்டிச் சமைக்க வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பூத்த வேர்க்கடலையையும் பருப்பையும் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைச் சமைக்கலாம் என்று எண்ணக் கூடாது. பூசணம் உண்டாக்கும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. முழுவதையும் கொட்டிவிட வேண்டும். இட்லி மாவு இந்தக் குளிரில் புளிக்கத் தாமதமாகும்; அடுப்பை ஒட்டி வைத்தால் காலைக்குள் பொங்கிவிடும்.

குடிநீரைப் பொறுத்தவரை எந்தச் சலுகையும் கூடாது. தெருநீர் கீழ்நிலைத் தொட்டிக்குள் இறங்கியிருந்தால், அந்த நீரை வெளியேற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்த வேண்டும். குடிப்பதற்கான நீரை நன்றாகக் கொதித்துப் பொங்கிய பின் ஆறவைத்தே குடிக்க வேண்டும். கழிப்பறை நீர் இறங்காமல் எதிர்த்து வந்தால், மண் ஊறிக்கிடக்கும் அந்த நாட்களில் செப்டிக் டேங்கை முழுவதுமாகக் காலி செய்யக் கூடாது; சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தத்தால் காலித் தொட்டி மேலெழும்பவோ வெடிப்பு விடவோ வாய்ப்புண்டு. நீர் வடியும்வரை பயன்பாட்டைக் குறைத்துக்கொள்வதே வழி.

உடல்

சேற்றுப்புண் சிறிய தொல்லையாகத் தோன்றினாலும், சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு அது காலையே பாதிக்கும் புண்ணாக வளரலாம். வெளியிலிருந்து வந்ததும் சோப்பால் கால் கழுவுவது எல்லோரும் செய்வது; விரலிடுக்குகளை உலர்ந்த துணியால் ஒவ்வொன்றாக ஒற்றித் துடைப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். துடைத்த பின் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் ஊறாமல் இருக்கும். வெண்மையாக ஊறி, அரிப்பும் வெடிப்பும் வந்துவிட்டால் க்ளோட்ரிமசோல் களிம்பைச் சில நாள் அல்ல, புண் ஆறிய பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்து தடவ வேண்டும். மூடிய ஷூவும் ஈரக் காலுறையும் இந்த வாரங்களில் வேண்டவே வேண்டாம்; இரண்டு ஜோடி ரப்பர் செருப்பை மாற்றி மாற்றிப் போடுவது போதும்.

காய்ச்சல் வந்தால் அது சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று தாமாக முடிவு செய்யாதிருப்பது நல்லது. தேங்கிய நீரில் நடந்தவருக்குச் சில நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் வலி, கண் சிவப்பு ஆகியவை வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். புதர், புல்வெளிப் பக்கம் சென்றவருக்குக் காய்ச்சலோடு உடலின் மறைவான இடத்தில் கருகியது போன்ற சிறு புண் இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். நீரில் நடந்ததையும், புண் இருப்பதையும் மருத்துவரிடம் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்; தொடக்கத்திலேயே அறிந்தால் இரண்டுக்கும் எளிய மருந்து உண்டு, தாமதித்தால் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படலாம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை எடுக்கக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இளைப்பு ஆகியவற்றுக்கான அன்றாட மருந்துகள் இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே கையில் இருக்கட்டும்.

வளைகளில் நீர் புகுந்ததும் பாம்புகள் மேட்டு நிலத்தையும் வீட்டையும் தேடி வருகின்றன. கட்டுவிரியன் இரவில் இரை தேடுவது. தரையில் உறங்குபவரைக் கடித்தாலும் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது. விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலி, கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறல் ஆகியவை கண்டால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் உடனே நச்சுமுறி மருந்துள்ள கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ கொண்டு செல்ல வேண்டும். கயிற்றால் கட்டுவதும் கத்தியால் கீறுவதும் தீங்கையே செய்யும். கட்டிலில் படுத்து, கொசுவலையின் விளிம்பை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டால், பாம்பு, கொசு இரண்டிலிருந்தும் காப்பு கிடைக்கும். கட்டில் இல்லாத வீட்டிலும் கொசுவலை இருக்கலாம்.

வேலைக்குப் போக முடியாத கூலித் தொழிலாளிக்கும் கடலுக்குப் போக முடியாத மீனவருக்கும் இந்த வாரங்களின் பெரும் சுமை வருமான இழப்புதான். புரட்டாசியில் சிறுதொகையை ஒதுக்கி வைக்க முடிந்தவர்கள் அதை நகை போலக் காக்க வேண்டும். தனியாக வாழும் முதியவர் வீட்டுக் கதவை நாளுக்கு ஒரு முறை தட்டிப் பார்ப்பதை அண்டை வீட்டார் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும்; மழை நாட்களில் அவர் வெளியே வராதது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

ஆற்று நீரைக் கவனித்தல்

வானிலை அறிவிப்பில் கனமழை என்றால் ஒரு நாளில் 6.45 முதல் 11.55 செ.மீ., மிக கனமழை என்றால் 20.44 செ.மீ. வரை, அதி கனமழை என்றால் அதற்கும் மேல் என்று பொருள்; அந்த நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ஆனால் தென்பெண்ணைக் கரையில் வசிப்பவர்கள் கடலூருக்கான அறிவிப்பை மட்டும் பார்த்து அமைதியடையக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்தது, தென்பெண்ணையின் குறுக்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் வெளியேற்றப்பட்டது, அந்த வெள்ளம்தான் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. ஆகவே கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் மழையையும் சாத்தனூரின் நீர் வெளியேற்றத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். அதுபோலக் கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாட்களிலும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும் நேரங்களிலும் கெடிலம், உப்பனாறு ஆகியவற்றின் முகத்துவாரத்தில் நீர் எளிதில் வடியாது. வெளியேறும்படி அறிவிப்பு வந்தால் பகல் வெளிச்சம் இருக்கும்போதே வெளியேற வேண்டும். ஓடும் நீர் முழங்காலை எட்டினால் நடந்து கடக்கவும் கூடாது, வண்டியில் கடக்கவும் கூடாது. உதவிக்கு 1077, 112 ஆகிய எண்களை வீட்டில் உள்ள சிறுவர்களும் அறிந்திருக்கட்டும்.

மழை ஓய்ந்த பின்

மார்கழி நடுவில் வெயில் திரும்பியதும், பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்ற அவசரம் எல்லா வீட்டிலும் எழுகிறது. அடைமழை கண்ட ஆண்டில் அந்த அவசரம் சுவருக்குக் கேடு. மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் செங்கல்லுக்குள் ஊறிய நீர் வெளியேற வாரங்கள் பிடிக்கும். அதன்மேல் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் நீர் உள்ளேயே அடைபட்டு, சித்திரைக்குள் பெயிண்ட் கொப்புளித்து உரியும், உப்பும் பூக்கும். கையகல பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களிலும் ஒட்டுப் பட்டையால் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பார்க்க வேண்டும். சுவரைத் தொட்டிருந்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் ஈரத்தை வெளிவிடுகிறது என்று அறியலாம். அந்த நிலையில் பொங்கலுக்குச் சுண்ணாம்பு மட்டும் அடித்துக்கொள்வது நல்லது. சுண்ணாம்பு ஈரம் வெளியேறுவதைத் தடுப்பதில்லை. பூத்த உப்பை நீர் ஊற்றிக் கழுவாமல், உலர்ந்த தூரிகையால் தேய்த்து வாரி எடுக்க வேண்டும். எந்தச் சுவரில், எந்த மூலையில் நீர் இறங்கியது என்பதை ஈரத் தடம் மறைவதற்கு முன்பே கரிக்கோடு போட்டுக் குறித்துவிட்டு, மாடியில் அதற்கு நேர் மேலே உள்ள இடத்தைப் பங்குனி வெயிலில் கொத்திச் சரிசெய்ய வேண்டும். பெயிண்ட் அடிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.